மூன்றாம் தரம் கூப்பிட்டவள்

சிட்னியில் கிரவீன் பக்கம் இருக்கும் டெஸ்மன்ட் ஹாலோவேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் தரம்தான் ஏன் என்று கேட்பார். காதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுக் குசினியில் பொரிகிற சத்தத்தை வைத்தே அது என்ன மீன் என்று சொல்லக்கூடிய காது. ஆனால் ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் முதல் இரண்டு தரமும் வாய் திறக்கக் கூடாது, இரண்டுக்கு மேல் கூப்பிடப் பேய்க்குச் சக்தியில்லை என்பது அவர்களுடைய பரம்பரைச் சட்டம். இதனால் டொக்டரிடம் போகும் இடமெல்லாம் அவருடைய முறை தவறிப்போகும். ஒருமுறை அவருடைய கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக, முதல் கூப்பாட்டுக்கே எழும்பிய வேறொருவரின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த மனிதருக்கு அதோடு நெடுநாள் தலையிடி மாறிவிட்டது. இப்போதும் நத்தாருக்குக் கேக் கொண்டுவருகிறார்.

ஆள் கறுப்பு, பேச்சு அசல் யாழ்ப்பாணம், பெயர் மட்டும் இங்கிலீசு. டெஸ்மன்ட் எட்வின் ஹாலோவே. அந்த எட்வின் தலைமுறை தலைமுறையாக மூத்த ஆண்பிள்ளைக்குப் போவது. தெருப்பிள்ளைகள் அவரை ஹலோ அங்கிள் என்பார்கள். அவருக்கு அதில் சின்னப் பெருமையும் உண்டு.

தன் பெயரிலிருந்து அந்த எட்வின் ஹாலோவேயை எப்போதோ வெட்டிவிட்ட மகன் றமேசுக்கு ஆண்பிள்ளை பிறந்ததும்தான் வில்லங்கம் வந்தது. பரம்பரைப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஹூஸ் நேம் இஸ் இட், டாட்? நீங்கள் வைச்சிருக்கிறீங்கள், சரி. ஆரிட்ட எடுத்தனீங்கள்?"

ஞானஸ்நானத்துக்கு முன்னர் பெயரின் வேரைக் கொண்டுவந்து மேசையில் வைப்பேன், வைக்காவிட்டால் நீ விரும்பிய பெயரை வை என்று டெஸ்மன்ட் சபதம் செய்தார். தன்னோடு அந்தப் பெயர் செத்துப்போய்விடும் என்ற நினைப்பு அவரை உறங்கவிடவில்லை.

நூலகத்துக் கொம்பியூட்டரில் இங்கிலாந்துக் கோயில் பதிவுகளைக் கிண்டினார். ஹாலோவே என்றால் வண்டிகள் போய்ப்போய்ப் பள்ளம் விழுந்த பாதை. அதன் ஓரத்தில் குடியிருந்தவர்களுக்குப் பாதையின் பெயரே ஒட்டிக்கொண்டதாம். ஹாலோவேக்களில் வண்டிக்காரர் இருந்தார்கள், சப்பாத்துத் தைத்தவர்கள் இருந்தார்கள், செம்மறி திருடித் தூக்கில் தொங்கியவர் ஒருவரும் இருந்தார். அவரையும் டெஸ்மன்ட் சித்தப்பா முறையில் சேர்த்துக்கொண்டார். ஆனால் ஒருவரும் இலங்கைப் பக்கம் கப்பல் ஏறவில்லை.

கடைசியில் ஊர் மிசன் பள்ளிக்கூடத்தின் பழைய அறிக்கை ஒன்றுதான் வாய் திறந்தது. சிட்னியில் ஹாலோவே என்றொரு விதவை. ஒரே மகன் எட்வின் துறைமுகத்தில் மூழ்கிப்போனான், உடல் கிடைக்கவில்லை. தன் மகனின் பெயரில் ஒரு பையனாவது உலகத்தில் உலாவட்டும் என்று அவள் பள்ளிக்கூடத்துக்குக் காசும் அனுப்பிப் பாதிரியாருக்கு எழுதியிருக்கிறாள். அதன் கீழே பாதிரியாரின் குறிப்பு: நாகமணி என்ற மாணவன் தன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டால்தான் பதில் சொல்கிறான், எட்வின் ஹாலோவே என்றதும் முதல் தரத்திலேயே எழுந்து நின்றான்.

டெஸ்மன்டுக்குச் சிரிப்பு வந்தது. நாகமணி அவருடைய பூட்டன். தன்னுடையதல்லாத பெயருக்கு 'ஓம்' என்று பதில் சொன்னால் பேய் என்ன செய்துவிடும் என்று அந்தப் பூட்டன் கணக்குப் போட்டிருக்கிறார்.

விதவையின் கல்லறை லிட்கம் பக்கம் றூக்வூட் சவக்காலையில் இருந்தது. றமேசுக்குக் காட்டப் படம் எடுக்கலாமென்று மனைவி அருள்நாயகியையும் கூட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர உச்சிவெயில். இந்த நேரத்தில் மரத்தடியில் நிற்க வேண்டாமென்று அருள்நாயகி சொல்லிக்கொண்டே வந்தா. கல்லறைக்குப் போகும் பாதை பள்ளம் விழுந்து கிடந்தது. புல்லை விலக்கிப் படம் எடுத்தபோது ஒரு பெண்குரல் கேட்டது.

"எட்வின்."

இருவரும் அசையவில்லை. அருள்நாயகி அவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டா. காற்று நின்றுவிட்டது.

"எட்வின்."

சோறு ஆறிப்போகிறது என்று விளையாடப் போன பிள்ளையைத் தேடுகிற குரல். பிறகு இன்னும் கிட்ட, மூன்றாம் தரமும் வந்தது.

டெஸ்மன்டுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. மூன்றாம் தரம் கூப்பிட்டால் மனிசர்தானே. திரும்பி, "ஓம், வாறன்" என்றார்.

பாதையில் ஒருவரும் இல்லை. புல் மட்டும் ஒருவர் நடக்கிற அகலத்துக்குச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"ஆருக்கு வாறன் எண்டு சொன்னனீங்கள்?"

"மூண்டு தரம் கூப்பிட்டதெல்லோ."

"அது எங்கட பேயளுக்கு. இவ வெள்ளைக்காரி. இவவுக்கு அந்தச் சட்டத்தை ஆர் சொல்லிக் குடுத்தது?"

ரயிலால் பெண்டில்ஹில் ஸ்டேசனில் இறங்கும்வரை அருள்நாயகி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தா.

அடுத்த நாள் உச்சியில் அந்தக் குரல் வீட்டுத் தபால்பெட்டியடியில் நின்று கூப்பிட்டது. அதற்கடுத்த நாளும். கோபமில்லாத குரல். வருகிறேன் என்றவனை வாசலில் வந்து காத்து நிற்கிற குரல். டெஸ்மன்ட் யன்னலைச் சாத்திவிட்டு மகனிடம் போனார்.

"பெயரை வைக்காத" என்றார்.

வேர் கிடைக்கவில்லையா என்று றமேஸ் கேட்டான்.

"கிடைச்சது. அது எங்கட இல்லை. சொந்தக்காரி தேடிக்கொண்டு திரியிறா."

அப்பருக்கு வயது போய்விட்டதென்று நினைத்து அவன் அன்பாகத் தலையாட்டினான். பிள்ளைக்கு நாகமணி என்று பெயரிட முடிவாயிற்று. டெஸ்மன்டும் சட்டப்படி எழுதிக்கொடுத்து டெஸ்மன்ட் நாகமணி ஆனார். அருள்நாயகி தபால்பெட்டிக்குப் போய், எட்வின் என்று இங்கே ஒருவரும் இல்லை, ஹாலோவேயும் இல்லை, கோபிக்காமல் போங்கோ அம்மா என்று சொல்லிவிட்டு வந்தா. குரல் நின்றது. டெஸ்மன்ட் யன்னல்களைத் திறந்தார். ஆனாலும் அந்த வீட்டில் போன் அடித்தால் இன்றுவரை ஒருவரும் ஹலோ சொல்வதில்லை.

ஞானஸ்நானம் முடிந்து எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை யன்னலோரத் தொட்டிலில் கிடந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"எட்வின்."

இந்த முறை சந்தேகத்தோடு, தணிந்து வந்தது. அவர்கள் இருவரையும் தவிர வேறு ஒருவருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. அருள்நாயகியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. டெஸ்மன்ட் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் தரம் வரட்டும், மூன்றாம் தரமும் வரட்டும், நூறு தரம் கூப்பிடட்டும். இந்த வீட்டில் வாய் திறக்க ஆளில்லை.

தொட்டிலில் பிள்ளை வாசல் பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்து, "ஊம்" என்றது.