மேல்வரிசையில் நான்கு பற்கள்

அறையில் இருந்தவர்கள்:
பல் டாக்டர். பெண், ஐம்பதை நெருங்குகிறவர்.
சுண்டு. நான்கு வயது. நோயாளி.
சுண்டுவின் அப்பா.
சுண்டுவின் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை.
வராதவள்: சுண்டுவின் அம்மா. அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லையாம். (கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.)

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். ஓர் அப்பா பதில் சொன்னான். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் சொன்ன நாளிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

அந்த அப்பா நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இனி 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் கை தானாக வக்காலத்து வாங்குகிறது. 'அவன்' என்றால் நிம்மதியாகச் சந்தேகப்படலாம்.

அவனைப் பற்றித் தெரியவேண்டியது கொஞ்சம்தான். ஒரு கிடங்கில் இரண்டரை வருடம் இரவுப் பணி பார்த்தான். பெட்டிகளின் எண்ணைப் பார்த்து அடுக்குகிற வேலை. மூன்று மாதத்துக்கு முன் விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்று ஒரு பத்தி எழுதினேன். அதில் அவன் நல்லவனாகத் தெரிந்தான். அடித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பல் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர்கள் ஒரு பெரிய வாயைப் போல—"

வேண்டாம். சுவர் பச்சை. பச்சைச் சுவரை வெள்ளை வாய் என்கிறவனை எதிலும் நம்ப முடியாது.

இரண்டாம் தொடக்கம்: டாக்டர் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார்.

இது நடந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்து அவரே சொன்னார்: "ஒன்னுமில்ல சார். போன வருஷம் ஒருத்தன் வாயில பஞ்சோட தெருவுக்கு ஓடிட்டான். நானும் பின்னாடியே ஓடினேன். இனிமே என்னால ஓட முடியாது."

சித்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. உள்ளே பூட்டிக்கொள்கிற யாரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கும் என்பது அவன் கட்சி.

டாக்டரும் அவனும் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுண்டுவை அவன் மடியில் அவனைப் பார்த்தபடி உட்காரவைத்து, அப்படியே மல்லாத்தினார்கள். தலை டாக்டர் மடிக்குப் போனது. டாக்டர் மேல் உதட்டை விரலால் தூக்கினார். நான்கு முன்பற்கள் தேய்ந்த சாக்பீஸ் நுனி மாதிரி, பழுப்பாக.

"கீழ் முன்பல்லெல்லாம் நல்லா இருக்கு. மேல நாலும் போச்சு. வலது கடவாய்ப்பல்லுகிட்ட வீங்கியிருக்கு, உள்ள சீழ் இருக்கும். தூங்கும்போது பாட்டில் வாயிலயே இருந்தா பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கும், மேல்பல்லுல இனிப்பு தேங்கி நிக்கும். ராத்திரி யாரு பால் குடுக்குறது?"

"ராத்திரி நாங்க யாருமே குடுக்கிறதில்ல டாக்டர்."

பொய்யில்லை என்றேனே, இதுதான். அந்த நேரத்தில் சித்தி சுவரில் மாட்டியிருந்த கடவாய்ப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பல் படத்தில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது? அவனுக்குப் பொறி தட்டியது.

டாக்டர் கடவாய்ப்பல்லைப் பார்க்கக் கண்ணாடியைக் கொண்டுபோனதும் சுண்டு வாயை மூடிக்கொண்டாள்.

"அழணுமா கண்ணு? அழுதுக்கோ. நல்லா சத்தமா அழு."

சுண்டு அழுதாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. உதடு ஒட்டியபடியே இருந்தது. மூக்குகூட உறிஞ்சவில்லை.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். "அழுற பிள்ளைங்களால எனக்குத் தொல்லையே கிடையாது சார். கத்துனா வாய் தானா தொறக்கும். நான் பாட்டுக்கு வேலைய முடிச்சிருவேன். ஆனா இப்படி அழுற பிள்ளைய..." முடிக்காமல் அவனைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "மருந்து எழுதித் தரேன். வியாழக்கிழமை வாங்க. அந்தப் பல்லை எடுத்தே ஆகணும். அன்னைக்கும் வாயைத் தொறக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிதான், முழு மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும்."*

* ஏழு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும், பேஸ்ட் பட்டாணி அளவு போதும், மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள் என்றும் டாக்டர் சொன்னார். அவன் காதில் விழவில்லை. அவன் மனதுக்குள் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தான். மகளின் மேல் உதட்டை அதுவரை அவன் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

3

வேலையில்லாதவன் கையில் பகல் முழுக்க இருந்தது. சர்க்கரை டப்பாவில் பென்சிலால் கோடு போட்டான். மறுநாள் அரை விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் அரை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தான். மூன்றாம் நாள் தன் காபியில் மூன்றாவது ஸ்பூனைப் போடும்போதுதான் திருடன் யாரென்று தெரிந்தது. (எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வரவில்லை.)

மனைவியிடம் கேட்டான். "ராத்திரி உன் தங்கச்சி சுண்டுவுக்குப் பால் எதுவும் குடுக்குறாளா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன பகல்ல வீட்லயா இருக்கேன்?"

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கேட்டது ராத்திரியை. பதில் வந்தது பகலுக்கு.

புதன்கிழமை சித்தி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன நேரம், அலமாரி மேல் மடித்து வைத்த போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டான். பாட்டில். ரப்பர் நுனி மென்று மென்று பிய்ந்திருந்தது.

சித்தியை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தபாலில் ஒரு பட்டப்படிப்பு படிக்கிறாள், இவர்கள் வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். முதல் வரைவில் அவளுக்குத் திருட்டுப் பார்வை கொடுத்தேன். இரண்டாவதில் கண்ணில் நீர் கோத்துத் தெய்வமாக்கினேன். இரண்டுமே அவள் வாயை அடைக்கிற வேலை. அவளே பேசட்டும்.

"இது என்ன?"

"பாட்டில்."

"கண்ணு தெரியுது. யாரு குடுத்தது?"

"நான்தான். சர்க்கரை போட்டு. இல்லாட்டி துப்பிடுவா."

"எல்லாரும் தூங்கின அப்புறம், ராத்திரில."

"ராத்திரி எதுக்கு மாமா? ராத்திரி நீங்கதான் வீட்லயே இல்லையே. அவ கத்துனா கத்தட்டும்னு விட்டுருவோம். காலைல எட்டு மணிக்கு வந்து படுப்பீங்கல்ல, அப்ப ஒன்னு. பன்னெண்டுக்கு இன்னொன்னு. சாயங்காலம் நீங்க எந்திரிக்கிற வரைக்கும் வாயிலயே இருக்கும்."

அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு ரூம் வீடு மாமா. ஒரு நாள் பொம்மை கீழ விழுந்த சத்தத்துக்கு எந்திரிச்சு வந்து டம்ளரைச் சுவத்துல எறிஞ்சீங்க. 'என்ன பண்ணுவியோ தெரியாது, இவ சத்தம் என் காதுல விழக் கூடாது'ன்னீங்க. அன்னைக்குப் போய் வாங்கினதுதான் இது. அக்காவுக்கும் தெரியும். நீங்க வேலைய விட்டதும் எடுத்து மேல போட்டுட்டேன்."

"குப்பைல போட வேண்டியதுதான?"

"கேட்டு அழுவா, அப்ப வேணும்னு வெச்சிருந்தேன். அவ அழவே இல்ல."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சரி. சொல்லல."

இதை எழுதிவிட்டு நான்கு நாள் நான் இந்தக் காகிதத்தைத் தொடவில்லை. டம்ளரை எறிந்தது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்கிறவனை நான் நம்புவதுமில்லை. எங்கள் வீட்டுக் காலண்டர் ஏன் இடுப்புயரத்தில் மாட்டியிருக்கிறது என்று மட்டும் நேற்று யோசித்தேன். தாளைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் ஒரு டம்ளர் வாயளவுக்குக் காரை பெயர்ந்திருக்கிறது.

அவன் அன்று அதையெல்லாம் தூக்கிப் பார்க்கவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வந்ததும் உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்றான்.

"வந்துட்டு எதுக்கு மாமா? பையோடயே வரேன். அங்கேருந்தே பஸ் இருக்கு."

4

முடிவு ஒன்று: அவன் மன்னிப்புக் கேட்கிறான். சித்தி மூக்கைச் சிந்துகிறாள். சுண்டு பழுப்புப் பல் தெரியச் சிரிக்கிறாள். (கால் மணி நேரத்தில் எழுதினேன். அவ்வளவு சுலபமாக வந்ததை நான் வைத்துக்கொள்வதில்லை.)

முடிவு இரண்டு: பெரிய ஆஸ்பத்திரி. மயக்க மருந்து. நீளமான வராந்தாவில் அவன் தனியாக நடந்துகொண்டு, தன் இரண்டரை வருடத்தையும்

நிறுத்திவிட்டேன். குழந்தையை மேஜைமேல் கிடத்திவிட்டு அவனுக்குப் பரிதாபம் தேடுகிற ஏற்பாடு அது.

5

வியாழக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் கதவைப் பாதி திறந்து நின்றார். "ஒருத்தர் மட்டும் கூட வரலாம்."

அவன் எழுந்தான்.

"நீங்க வேணாம் சார்."

"நான் அப்பா."

"தெரியும். அன்னைக்கு உங்க மடியிலதான் படுத்திருந்தா. அழுக வரும்போதெல்லாம் உங்க முகத்தைப் பாத்துட்டு உதட்டை மூடிக்கிட்டா. வீட்ல என்ன நடக்குதுன்னு நான் கேக்கல. இன்னைக்குக் கேக்கல."

அவனைச் சந்தேகிக்கிறார்கள். விசாரிப்பவனாகவே வந்தவனுக்கு இது புதிது. காத்திருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கையிலிருந்த சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். சித்தியைப் பார்த்தான். அவள் டாக்டரிடம் எதையும் சொல்லிக்கொடுத்த முகமாக இல்லை.

சுண்டுவின் முன் குந்தி உட்கார்ந்தான். ஒரு கன்னம் இன்னும் உப்பியிருந்தது.

"சுண்டு. உள்ள போய் நல்லா கத்தலாம், சரியா? எவ்வளவு சத்தமா வேணா. அப்பா ஒன்னும் சொல்லமாட்டேன்."

சுண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தொடங்கி வாய்வரை மெதுவாக இறங்கிப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவின் கோட்டை அவன் பார்த்தானே, அந்தப் பார்வை.

பிறகு அவன் காதருகே வந்து, குசுகுசுவென்று கேட்டாள்: "நீ தூங்கினாக்கூடவா?"

"தூங்கினாக்கூட."

அவள் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். இவன் சொல்வது நிஜமா என்று கேட்கிற மாதிரி. சித்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "பிடிங்க மாமா." குழந்தைக்கு ஒரு விரலை நீட்டினாள்.

இனி உங்களிடம் விடுகிறேன். அவன் மடியில் ஒரு பை இருக்கிறது. வெளியே இடது பக்கம் போனால் பஸ், வலது பக்கம் போனால் வீடு. பையோடு அவன் எந்தப் பக்கம் போனான் என்று என்னைக் கேட்காதீர்கள், அவனுக்குச் சாதகமாகத்தான் சொல்வேன். பல் போனதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்களா, அதுவும் அப்படித்தான். அவன் அந்த நாற்காலியில் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு சத்தத்தை. அது வந்ததா என்பதை உங்கள் காதால் கேட்டுக்கொள்ளுங்கள். என் காதை நம்ப வேண்டாம். வராவிட்டாலும் வந்தது என்று சொல்லிவிடும்.

சுண்டு முதலில் போனாள். சித்தி பின்னாலேயே போனாள், திரும்பிப் பார்க்காமல். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி திரும்பியது.