பெற்றோர் மட்டும்

"என்ன பூட்டுக்காரரே, சாவி எப்போ என் கைக்கு வரும்?"

நீச்சல் டீச்சர் போனை எடுத்தாலே இப்படித்தான். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திப் பழகிய தொண்டை.

அவன் பூட்டு செய்பவன் அல்ல, இணையதளம் செய்பவன். டீச்சரின் நீச்சல் பள்ளிக்கு, பெற்றோர் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நீந்துகிற வீடியோவை டீச்சர் அதில் ஏற்றுவார். பாஸ்வேர்ட் இருந்தால்தான் உள்ளே போகலாம். போனாலும் அவரவர் பிள்ளையை மட்டுமே பார்க்கலாம்.

"இன்னும் ஒரு வேலை பாக்கி டீச்சர். விண்ணப்பப் படிவத்தை டெஸ்ட் பண்ணணும்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. அடைகாக்கிற கோழி மாதிரி உக்காந்திருக்கீங்களே, குஞ்சு பொரிக்குமா, இல்ல கூமுட்டையா?"

அவன் சிரித்து மழுப்பினான். உண்மைக் காரணத்தை டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

மாணவர்களின் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்த அன்று, ஒரு பெயரில் அவன் கை நின்றுவிட்டது. மகளின் பெயர். பக்கத்திலேயே, முதல் பொறுப்பாளர் என்ற இடத்தில், அவள் அம்மாவின் பெயர்.

முயல் நீந்துகிறாளா! முன்பல் இரண்டும் எட்டிப் பார்ப்பதால் அவன் வைத்த பெயர் அது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே கத்தித் தெருவையே கூட்டுகிற பெண்ணாயிற்றே!

பிரிந்த பிறகு தாயும் மகளும் ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஒரு ஞாயிறு வேலை வந்தது. இன்னொரு ஞாயிறு காய்ச்சல். ஒரு தடவை சுத்தமாக மறந்தே போனான். அப்புறம் போன் செய்தால் "படிக்கிறா", "தூங்கறா" என்று பதில் வரத் தொடங்கியது. அவனும் விட்டுவிட்டான். கேட்டால்தானே இல்லை என்பார்கள்? வாய் திறந்து கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்கிற சுபாவம் அவனுக்கு.

இப்போது மகள் ஒரு சொடுக்கு தூரத்தில் இருந்தாள். தளத்தைக் கட்டுகிறவனுக்கு எந்தக் கதவும் திறக்கும். ஆனாலும் அவன் திறக்கவில்லை. கதவு மாட்ட வந்த ஆசாரி அந்த வீட்டு அலமாரியைக் குடைந்து பார்க்கலாமா? அதே சமயம், வேலையை முடித்து ஒப்படைக்கவும் மனசு வரவில்லை. ஒப்படைத்துவிட்டால், பார்க்க முடிந்தும் பார்க்காமல் இருக்கிற உரிமைகூடப் போய்விடுமே!

டீச்சர் போன் செய்த அன்றே பிற்பகல், அந்த நச்சரிப்புக்குப் பயந்து படிவத்தோடு உட்கார்ந்தான்.

சித்தி, மாமா, தாத்தா என்று யார் ஒரு பிள்ளையின் பக்கத்தைப் பார்க்க விரும்பினாலும் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது அந்தப் பிள்ளையின் முதல் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலாகப் போகும். அவர் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று அழுத்த வேண்டும். டீச்சர் போட்ட சட்டம் அது. "யார் வீட்டுக்குள்ள யாரை விடறதுன்னு நான் எப்படிங்க சொல்றது? அவங்கவங்க பாடு!"

சோதிக்கும்போது வழக்கமாகக் கைக்கு வந்ததைத் தட்டிவிடுவான். பெயர் 'கககக', காரணம் 'பபபப'. இன்று விரல்கள் வேறு மாதிரி நடந்துகொண்டன. பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் மகளைத் தேர்ந்தெடுத்தன. உறவு: அப்பா. காரணம்: 'அவள் நீந்துவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். தொந்தரவு செய்ய மாட்டேன்.'

அனுப்பினான். வேலை முடிகிற வரை மின்னஞ்சல் எல்லாம் அவனுக்கே வரும்படி வைத்திருந்தான். வந்ததும் ஒரு முறை படித்துவிட்டு அழித்துவிடலாம்.

வரவில்லை. மறுபடி பார்த்தான். வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. காலையில் டீச்சர் போனை வைத்த சூட்டில், ஒப்படைக்கத் தயாராக, அவனே எல்லாவற்றையும் பெற்றோரின் நிஜ முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தான்!

எழுந்து ஜன்னலைத் திறந்தான், மூடினான். போன் அடித்தது.

"நான்தான்" என்றாள் முயலின் அம்மா. "ஒரு மெயில் வந்திருக்கு. அப்பான்னு போட்டிருக்கு."

"அது... அந்த வெப்சைட்டை நான்தான் செய்யறேன். சும்மா டெஸ்ட் பண்ணினேன். தெரியாம உனக்கு வந்துடுச்சு."

"டெஸ்ட்டா?"

"ஆமா."

"அப்போ வேண்டாம்னு அழுத்திடறேன். ரெண்டு பட்டன் இருக்கு, ஏதாவது ஒண்ணை அழுத்தணும்ல?"

'உன் இஷ்டம்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் அவன் பதில்.

"அழுத்தாதே" என்றான்.

"என்னது?"

"டெஸ்ட்டுக்குத்தான் உக்காந்தேன். ஆனா எழுதினது நிஜம். எனக்கு அவளைப் பார்க்கணும்."

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வெப்சைட்டே கட்ட வேண்டியிருக்கு! வாயால கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

"கேட்டா இல்லைன்னுடுவியோன்னு..."

"ஞாயித்துக்கிழமையானா செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னது நான் இல்லீங்க, அவ."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இருங்க. அவளைக் கேக்காம நான் எதையும் அழுத்தறதா இல்ல."

போனை எங்கோ வைக்கிற சத்தம். தூரத்தில் இரண்டு குரல்கள். ஒன்று கொஞ்சம் வளர்ந்திருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. அந்தக் குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்கறா" என்றபடி திரும்ப வந்தாள்.

"சரி..."

"முழுசாக் கேளுங்க! அதுக்குள்ள என்ன சரி? இப்போ வேண்டாங்கறா. இன்னும் மிதக்கிற பலகையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நீந்தறாளாம். பலகையை விட்டுட்டு அந்தக் கரை வரைக்கும் போனப்புறம் அப்பா பார்க்கட்டும்கிறா."

"எப்போ போவா?"

"அவளை அவசரப்படுத்த முடியாது. உங்க பொண்ணாச்சே, உள்ளே என்ன இருக்குன்னு லேசுல வெளியே விடுவாளா?"

"காத்திருக்கேன்னு சொல்லு."

"சொல்றேன். அது வரைக்கும் எந்தப் பட்டனையும் தொடமாட்டேன்."

போனை வைத்தபின் கணினியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். உள்ளே, பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பெண் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொடுக்கு. ஈ காக்காய்க்குத் தெரியாது. அவள் வேண்டாம் என்று சொன்னதுகூட அவனுக்கு இனித்தது. அப்பா என்று ஒருவன் பார்க்கிறான் என்றால் நன்றாக நீந்திக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறாளே!

டீச்சரின் பெயரில் முழு அதிகாரத்தையும் மாற்றினான். பிறகு, தளத்தில் தனக்கென்று இருந்த நுழைவை அழித்தான். மகளின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தான். முன்பின் தெரியாதவனைக் கேட்பதுபோல அது பாஸ்வேர்ட் கேட்டது.

டீச்சரைக் கூப்பிட்டான்.

"எல்லாம் முடிஞ்சது டீச்சர். இனிமே உங்களைத் தவிர யாராலயும் எல்லாக் கதவையும் திறக்க முடியாது, நான் உள்பட."

"அப்பாடா! ஒருவழியா பொரிஞ்சுதே!"

"டீச்சர், ஒரு சந்தேகம். பலகையை விட்டுட்டு நீந்தறதுக்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"அது பிள்ளையைப் பொறுத்தது. சிலது உடனே விட்டுடும். சிலது உடும்பு மாதிரி பிடிச்சுக்கிட்டே கிடக்கும். ஏன், யார் வீட்டுப் பிள்ளை?"

"எங்க வீட்டுப் பிள்ளைதான்" என்றான் அவன்.