காதில் சொன்ன விலை

எங்கள் துறைமுகத்தில் மீன் ஏலம் சத்தமில்லாமல்தான் நடந்துவந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் படகுகள் கரை சேரும். மீனைத் தொட்டி தொட்டியாக இறக்கித் தரகர் முன்னால் வரிசையாக வைப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தரகரின் காதோரம் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, தங்களால் கொடுக்க முடிந்த விலையை முணுமுணுத்துவிட்டு நகர்வார்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும் தரகர் ஒரு பெயரை மட்டும் சொல்வார். அந்தத் தொட்டி அவருக்கு. யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது தரகரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் நான். மாகாணப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். பெயர் ஜெனலின். பிறந்தது இதே ஊரில். மணிலாவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி வந்தவள்.

துறைமுகத்தில் ஆறு தரகர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் போனிஃபாசியா. எல்லாருக்கும் அவர் அலிங் பாசியா, அதாவது பாசியா அக்கா. அறுபத்திரண்டு வயது. இடது காதில் தங்கத் தோடு போட்டிருப்பார், வலது காதில் எதுவும் இருக்காது. குனிகிறவர்களின் தொப்பி இடிக்கிறதாம். அவரிடம் நான் பதினோரு தடவை போய்க் கேட்டேன். பதினோராவது தடவை உட்காரச் சொன்னார்.

"என் தலையில இருக்கிறத எடுத்து நீ என்ன பண்ணப் போற, இஹா?" என்றார். மகளே என்று கூப்பிடுகிற மாதிரி.

"மீன் பிடிக்கிறவங்களுக்கு நியாயமான விலை கிடைக்குதான்னு பார்க்கணும், அலிங் பாசியா."

"கிடைக்கலன்னு தெரிஞ்சா?"

"சரி பண்ணலாம்ல."

"யாரு?"

"அரசாங்கம்தான்."

அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கில் ஏறும்வரை சிரித்தார். பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டு நிபந்தனைகள். யார் பெயரும் வெளியே வரக்கூடாது. "அப்புறம், ஒரு நாளைக்கு முந்நூறு விலைய நான் ஞாபகம் வச்சிருக்கேன்னு உன் கட்டுரையில எழுதணும். என் புருஷன் சாகிற வரைக்கும் அத நம்பல."

பதினான்கு மாதம் அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தொட்டியும் போன பிறகு, அதற்கு யார் யார் என்ன விலை கேட்டார்கள் என்று என் காதில் சொல்வார். ஒப்பிட்டுப் பார்க்க நான் வாங்குகிறவர்களிடமும் தனியாக விசாரித்தேன். ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பாக இருந்ததில்லை.

மூன்றாவது மாதமே ஒன்றைக் கவனித்தேன். ஏறக்குறைய ஒன்பது தொட்டிக்கு ஒன்று, அதிக விலை சொன்னவருக்குப் போகவில்லை. தெருத் தெருவாக வாளி தூக்கி விற்கும் பெண்களுக்குப் போனது. அவர்களில் செலிங் என்று ஒருத்தி. மூன்று பிள்ளைகள், மலைச்சரிவுக் குடியிருப்பில் வீடு. ஒரு நாள் ஒரு தொட்டி கலுங்கோங் மீனுக்கு ஐஸ் லாரி வைத்திருக்கும் பெரிய வியாபாரி இரண்டாயிரத்து நூறு பேசோ சொன்னார். செலிங் சொன்னது ஆயிரத்து ஐந்நூறு. பாசியா, "செலிங்!" என்றார்.

"ஏன் அவளுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"லாரிக்காரன் சொன்னது சரியா காதுல விழல."

"எங்கிட்ட ரெண்டாயிரத்து நூறுன்னு சொன்னீங்களே!"

"உங்கிட்ட சொல்லும்போது விழுந்துச்சு."

அந்தத் தொட்டி மாங் தோமெங் என்கிற படகுக்காரருடையது. ஏலம் முடிந்ததும் அவரிடம் போய் ஜாடையாக விசாரித்தேன். அவர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "பாசியா அப்பப்ப இப்படிப் பண்ணுவான்னு எங்களுக்குத் தெரியும், மேம். நாங்க கடலுக்குப் போகாத நாள்ல எங்க வீட்டுப் பொம்பளைங்களும் வாளி தூக்குறவங்கதான். எத்தனை தடவைன்னுதான் தெரியாது. தெரிஞ்சா வயிறு எரியும். தெரியாம இருக்கட்டும்."

இதை என் கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பாக எழுதினேன். பதினோராவது அடிக்குறிப்பு. கட்டுரையின் முக்கியப் பகுதியில் இருந்தது வேறு: காதில் சொல்லும் முறையால் மீனவர்கள் சராசரியாக மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் இழக்கிறார்கள், காரணம், தரகரின் பாரபட்சம். வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். படித்துப் பார்த்த நிபுணர்களில் ஒருவர், பதினோராவது அடிக்குறிப்பு வெறும் கதை, அளக்கப்படாதது, எடுத்துவிடலாம் என்று எழுதினார். எடுத்துவிட்டேன். அன்று எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. கட்டுரை வெளியாக வேண்டும் என்பதுதான் நினைப்பாக இருந்தது. வெளியானது. முந்நூறு விலை விஷயத்தை எழுதியிருந்தேன். பாசியா அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கணவர் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நகர மன்றத்தில் மீன்வளத்தைக் கவனிக்கும் கவுன்சிலர் மொந்தெஹோ என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், படித்தவர். என் கட்டுரையை உண்மையாகவே வாசித்திருந்தார், ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. மீனவர்கள் இழக்கும் மூன்று சதவீதத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். இனி ரகசிய விலை கிடையாது. பெரிய திரை ஒன்று வைக்கப்படும். பதிவு செய்தவர்கள் கையடக்கக் கருவியில் விலையை அழுத்த, அது எல்லாரும் பார்க்கத் திரையில் வரும். அதிக விலை சொன்னவருக்குத் தொட்டி தானாகப் போய்விடும். மன்றத்தில் பேசும்போது நான், முதலில் ஒரு தரகரிடம் மட்டும் ஆறு மாதம் செய்து பார்க்கலாம் என்றேன். தலையாட்டினார்கள். ஆறு தரகர்களுக்கும் ஒரே நாளில் சட்டம் வந்தது. திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் மீன் விலை ஐந்து சதவீதம் ஏறியது. மாங் தோமெங் ஒரு பெரிய சூரை மீனை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வாளிப் பெண்கள் வருவது அந்த மாதங்களிலேயே நின்றுவிட்டது. பதிவு செய்ய ஐயாயிரம் பேசோ முன்பணம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெயரில் பதிந்து பார்த்தார்கள். திரையில் அவர்கள் விலைக்கு மேல் ஐந்து பேசோ வைத்தால் போதும், தொட்டி லாரிக்குப் போய்விடும். ஒரு வாரம் வெறும் வாளியோடு திரும்பினார்கள். அதன் பிறகு வரவில்லை.

நாலாவது மாதம் விலை இறங்கத் தொடங்கியது. ஆறாவது மாதம் பழைய காலத்தைவிட ஏழு சதவீதம் கீழே போயிருந்தது. மீன்வரத்து குறையவில்லை, மணிலா விலையும் விழவில்லை. திரையில் பதிவான விலைகளை வாங்கி வந்து உட்கார்ந்து பார்த்தேன். அரை நாளில் புரிந்துவிட்டது. வாளிப் பெண்கள் போன பிறகு வாங்க மிஞ்சியவர்கள் லாரிக்காரர்கள் மூன்று பேர்தான். திங்கள், வியாழன் ஒருவர் ஜெயித்தார். செவ்வாய், வெள்ளி இன்னொருவர். புதன், சனி மூன்றாமவர். மற்ற இருவரும் சொல்லிவைத்தாற்போல் பத்து பேசோ குறைவாக அழுத்திவிட்டு நின்றுகொண்டார்கள்.

முன்பு அவர்களால் இதைச் செய்ய முடியாது. மூன்று பேரும் கூடிப் பேசி ஒரு விலை வைத்துக்கொண்டு வந்தாலும், பாசியாவின் காதில் ஒருவன் இருபது பேசோ கூட்டிச் சொல்லிவிடலாம். தொட்டி அவனுக்குப் போனாலும், விலைக்காகப் போனதா பாசியாவின் இஷ்டத்துக்குப் போனதா என்று மற்ற இருவருக்கும் தெரியாது. அந்தப் பயத்திலேயே ஒருவரையொருவர் நம்பாமல் நல்ல விலை சொன்னார்கள். இப்போது பேச்சை மீறினால் அந்த நொடியே திரையில் தெரிந்துவிடும். அவர்களுக்குள் நம்பிக்கையை உண்டாக்கிக் கொடுத்தது அந்தத் திரைதான். இது என் பாடப் புத்தகங்களில் இல்லாத விஷயம் இல்லை. நான் வகுப்பில் நடத்துகிற விஷயம். துறைமுகத்தில் அந்த முணுமுணுப்பைப் பாரபட்சம் என்று மட்டுமே பார்த்துவிட்டேன்.

அச்சடித்த தாள்களோடு மொந்தெஹோவிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மேஜையில் என் கட்டுரை இருந்தது.

"மேம், போன வருஷம் இதே நாற்காலியில உட்கார்ந்து என்ன சொன்னீங்க? 'அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்கன்னு கொள்கை போடக்கூடாது, ஆதாரம் வேணும்'னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். இதுதான் ஆதாரம்."

"இது வெளியாச்சா?"

"இன்னும் எழுதவே இல்ல. வெளியாக ரெண்டு வருஷம் ஆகும்."

"வெளியாகட்டும், நானே மன்றத்துல படிக்கிறேன். இப்போ நான் எதக் காட்டி நிறுத்துவேன்? எதிர்க்கட்சிக்காரன் உங்க கட்டுரையத் தூக்கி என் மூஞ்சியில அடிப்பான். திரைக்காரங்களோட அஞ்சு வருஷ ஒப்பந்தம் வேற போட்டாச்சு."

"அந்த மூணு பேரு கூட்டு சேர்ந்து விலைய அமுக்குறாங்க, சார். கண்ணுக்கு முன்னால."

"அமுக்குறாங்கன்னு நீங்க சொல்றீங்க. போட்டியில வாங்குறோம், வேணும்னா திரையப் பாருங்கன்னு அவங்க சொல்றாங்க. எல்லாம் வெளிப்படையா இருக்கே, மேம். வெளிப்படையா நடக்கிறத எந்தச் சட்டத்துல பிடிக்கிறது?"

கடைசியில் அவரே எழுந்து கதவுவரை வந்தார். "எனக்கும் தூக்கம் வரல" என்றார். அது பொய்யில்லை என்றுதான் தோன்றியது. அதனால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

இதழுக்கு எழுதினேன். கட்டுரையில் பிழை ஏதும் உண்டா என்று கேட்டார்கள். எண்களில் பிழை இல்லை என்று பதில் எழுதினேன். அப்படியானால் திருத்தம் வெளியிட இடமில்லை, புதிய கட்டுரையாக அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். ஆறு மாதத் தரவு போதாது, குறைந்தது மூன்று வருடம் வேண்டும் என்று திரும்பி வந்தது.

பாசியாவைப் பார்க்கப் போவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ரொட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். தரகர் வேலை இன்னும் இருந்தது. தொட்டியின் எடையைக் கருவியில் ஏற்றிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துவது. கமிஷன் பாதியாகிவிட்டது.

"வா, டாக்டர்" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் விலை இறங்கியதைச் சொன்னேன், மூன்று பேர் கதையைச் சொன்னேன். அவர் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியாதா? மூணு பேரும் முன்னல்லாம் ஒருத்தன் நிழல்ல இன்னொருத்தன் நிக்க மாட்டான். இப்போ ஒண்ணாதான் சாப்பிடுறானுங்க."

"செலிங் எங்க?"

"துணி துவைக்கப் போறா. மலையில இப்போ யாரும் மீன் கொண்டுபோறதில்ல. ஜனங்க டப்பா மீன் வாங்கித் திங்குது." காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. நான் சொன்ன விலையெல்லாம் சரிதான? எங்கயாவது மறந்து மாத்திச் சொல்லிட்டேனா?"

"இல்ல, அலிங் பாசியா. ஒண்ணுகூடத் தப்பு இல்ல."

"நீ கணக்குல ஏதாவது தப்புப் போட்டியா?"

"இல்ல. நாலு தடவை சரிபார்த்தேன்."

"நானும் பொய் சொல்லல. நீயும் தப்புப் போடல." அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம் அது. "அப்புறம் எப்படி இஹா இப்படி ஆச்சு?"

விட்டுப்போன அடிக்குறிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அது சேர்ந்திருந்தாலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்திருந்ததால் சொல்லவில்லை. இன்னொரு ரொட்டியை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் எட்டுத் துறைமுகங்கள் திரைக்கு மாறின. எல்லா அறிக்கைகளிலும் ஆதாரமாக என் பெயர் இருந்தது. ஒன்பதாவதாகத் தீவின் தென்கோடியில் இருக்கும் புன்ட்டா வேர்தே மாற இருந்தது. அங்கே மீனவர்கள் கை தூக்கி முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டு, கட்டுரை எழுதிய டாக்டரே வந்து விளக்க வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். இந்த ஒரு இடத்திலாவது நேரில் சொல்லிவிடலாம் என்று ஏழு மணி நேரம் பஸ்ஸில் போனேன்.

கூடைப்பந்து மைதானத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இருபது நிமிடம் பேசினேன். எங்கள் ஊரில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மூன்று லாரிக்காரர்கள், பத்து பேசோ, ஏழு சதவீதம், வாளிப் பெண்கள், எல்லாம். கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பனியன் போட்ட ஒல்லியான ஆள், தோளில் கொப்புளம்.

"மேம், முதல் ரெண்டு மாசம் விலை ஏறுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா. ஆனா நாலாவது மாசத்துலேருந்து..."

"எவ்வளவு ஏறுச்சு?"

"அஞ்சு சதவீதம்."

"எங்களுக்கும் ஏறுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மற்ற எட்டு ஊர்களிலும் ஏறியிருந்தது, அந்த எண்கள் என் பையில் இருந்தன.

"ஏறும்" என்றேன்.

"போன புயல்ல எஞ்சின் போச்சு எனக்கு. ரெண்டு மாசம் நல்ல விலை கிடைச்சா வேற எஞ்சின் போட்டுருவேன். அப்புறம் வர்றத அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர். பின்வரிசையில் யாரோ, "நாலாவது மாசம் டாக்டரம்மாவ மறுபடி கூப்பிடுவோம்டா!" என்று கத்த, மைதானமே சிரித்தது.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை, திரைதான் ஜெயித்தது. ஓரத்தில் வாளிகளோடு நின்றிருந்த பெண்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் படகு வைத்திருப்பவர்கள் அல்ல. அவர்களில் இரண்டு பேர் சும்மாவேனும் கையைத் தூக்கியிருந்தார்கள், எதற்கு ஆதரவாக என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வாழையிலை விரித்துச் சுட்ட மீனும் சோறும் வைத்தார்கள். அந்த ஒல்லியான ஆளே வந்து உட்கார்ந்து முள்ளை எடுத்துக் கொடுத்தார். என்ன எஞ்சின் வாங்கலாம், எத்தனை குதிரைத்திறன் போதும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். பரவாயில்லை, நீங்க வந்ததே பெருசு என்றார். கடைசி பஸ் நாலு மணிக்கு என்பதால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டேன்.