பெட்டிக்குக் கேட்காத காது

வானொலி நிலையத்தில் மேனேஜரைக் கால்குலேட்டர் என்றுதான் சொல்வார்கள், அவர் முதுகுக்குப் பின்னால். அன்று அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வாயாடி, உன் கடையைச் சாத்தச் சொல்லிட்டாங்க. அடுத்த ரேட்டிங்கும் இப்படியே வந்தா உன் நேரத்துல பாட்டு மட்டும்தான்."

வாயாடி என்பது நேயர்கள் வைத்த பெயர். நிகழ்ச்சிக்கே அந்தப் பெயர்தான். முற்பகலில் நாலு பாட்டு போடுவாள், இடையில் சொந்தக்காரர்களை வெளுத்து வாங்குவாள். ஊரே சிரிக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஆப்ல கேக்கறவங்க ஏறிக்கிட்டே போறாங்க சார். சர்வரைப் பாருங்க."

"சர்வர் போனை எண்ணுது, காதை எண்ணல. ஆப்பைப் போட்டுட்டுக் குளிக்கப் போனவனும் அதுல ஒரு ஆளு."

"பெட்டி மட்டும் காதை எண்ணுதாக்கும்?"

"விளம்பரக்காரன் பெட்டியை நம்பறான். அவன் நம்பறதை நானும் நம்பறேன். போ."

பெட்டி என்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி. அளவீட்டுக் கம்பெனி சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, வீட்டில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும். நாள் முழுக்க இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். ஒவ்வொரு வானொலியும் காதுக்குக் கேட்காத ஓர் அடையாள ஒலியைத் தன் ஒலிபரப்பில் கலந்து விடும். பக்கத்தில் எது ஒலித்தாலும் பெட்டி அதைப் பிடித்துக் கம்பெனிக்குச் சொல்லிவிடும். ரேட்டிங் கணக்கில் ஒரு பெட்டி ஒரு பேட்டைக்குச் சமம். யாரிடம் பெட்டி இருக்கிறது என்பது ரகசியம். வானொலிக்காரர்களின் சொந்தக்காரர்களுக்குக் கண்டிப்பாகக் கிடையாது.

அந்த வாரம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் அக்கா, ஒரு காலி நாற்காலி, அதற்கு அடுத்து வாயாடி. ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு சோபா. அக்கா வீட்டுச் சோபா வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறையோடுதான் இருக்கிறது. உட்கார்ந்தால் சத்தம் போடும், எழுந்தால் தோலையும் சேர்த்து உரிக்கும். வாயாடி இதை வானொலியில் அவிழ்த்து விட்டாள். மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வேண்டுமென்றே உட்கார்ந்து எழுந்து சிரித்துவிட்டுப் போனார்கள்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மாவுக்குக் கண்ணுல பண்றாங்க. அப்படியே உனக்கு வாயில பண்ணச் சொல்லட்டுமா?"

"பில்லை நீ கட்டறதா இருந்தா பண்ணிக்கறேன்."

அக்கா புருஷன் டீயோடு வந்தார். பைக் பட்டறையில் மெக்கானிக். குனிந்து டீயை நீட்டியபோது பெல்ட்டில் பெட்டி தெரிந்தது. வாயாடி அக்காவின் இடுப்பைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று.

மாமாவை மருந்துக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "மாமா, இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? வானொலியில சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு சொல்லிட்டா உங்கக்கா."

"நீங்க என்ன கேப்பீங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? உன்னைத்தான். ஒரு நாள் விடறதில்லை." சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். "வீட்டுல உன் குரல் கேட்டா அவ போனைச் சுவத்துல அடிச்சிருவா. பட்டறையில முதலாளி வேற வானொலியை அலற விடுவாரு, வீட்டுல அவ சமைக்கறப்பவும் அதேதான். அதான் ஆப்ல போட்டு, காதுல சொருகிக்குவேன்."

வாயாடிக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. காதுக்குள் ஒலிப்பது இடுப்பில் தொங்கும் பெட்டிக்கு எங்கே கேட்கும்? அதற்குக் கேட்டதெல்லாம் முதலாளியின் ஸ்பீக்கர். விடாமல் அவளைக் கேட்ட மனுஷன், விடாமல் அவளுக்கு எதிராகக் கணக்கில் ஏறியிருக்கிறார். வீட்டில் அக்கா அதே எதிரி வானொலியை உரக்க வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள். ஒரே குடும்பம், இரண்டு பேட்டைகள் காலி.

கம்பெனிக்குப் போட்டுக்கொடுக்கலாம், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் அதற்குள் அடுத்த ரேட்டிங் வந்துவிடும், வேலையும் போய்விடும். பெட்டிக்காரர்களிடம் போய்க் கெஞ்சுவது பெரிய குற்றம், தெரிந்தால் எந்த வானொலியிலும் வேலை கிடைக்காது. இருந்தும் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் செஞ்சது தப்புதான்."

அக்கா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டாள். மண்டைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லாதவள்.

"இதுக்காகத்தானே வந்து குழையற?"

"ஆமா. வேலை போயிரும்."

"அப்படி வா வழிக்கு." அக்கா டீயை ஊதி ஊதிக் குடித்தாள். "வைக்கறேன். உன் நிகழ்ச்சியை வீடு முழுக்கக் கேக்கற மாதிரி வைக்கறேன். ஆனா என் வீடு, என் புருஷன், என் சோபா, எதுவும் உன் வாயில வரக் கூடாது. அம்மா, சித்தி, மாமியார் கதையும் வேண்டாம். ஒரு வார்த்தை வந்துச்சு, அந்த நிமிஷமே திருப்பிருவேன்."

"அப்புறம் நான் என்னத்தைப் பேசறது?"

"வெயில் அடிக்குது, மழை பெய்யுதுன்னு சொல்லு. எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

மறுநாளிலிருந்து அக்கா வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். தங்கையின் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு வேப்பெண்ணெய். பெட்டிக்கு அந்தக் கசப்பெல்லாம் தெரியாது. ஒரு பேட்டை முழுக்க வாயாடியை ஆசையாகக் கேட்கிறது என்று அது சொன்னது. வாயாடி வெயிலைப் பற்றிப் பேசினாள். சாலை நெரிசலைப் பற்றிப் பேசினாள். ஆப்பில் கேட்டவர்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தார்கள். அதை யாரும் பார்க்கவில்லை.

ரேட்டிங் வந்ததும் கால்குலேட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பார்த்தியா? அந்தக் குடும்பக் கதையெல்லாம் நிறுத்தினதும் எப்படி ஏறிருச்சுன்னு! ஜனங்களுக்கு அது புடிக்கலைம்மா. நமக்குத்தான் தெரியலை, பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. இனிமே நம்ம எல்லா நிகழ்ச்சிக்கும் இதான் சட்டம்."

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்து மாமாவுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு மாமா?"

"கோவிச்சுக்காதம்மா. நான் கேக்கறதை விட்டுட்டேன். உப்புச் சப்பில்லை. இப்ப வேற ஒரு பொண்ணு ஆப்ல பேசுது. அவ நாத்தனாரைப் பத்தி என்ன போடு போடறா தெரியுமா!"

அதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. அக்கா. நிகழ்ச்சி முடிந்தால் தினமும் கூப்பிடுகிறாள்.

"என்னடி, இன்னிக்கு ரெண்டு தடவை சிரிச்ச? என்னை நெனச்சா?"

"இல்லக்கா."

"அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல. நாளைக்கு வேண்டாம்."

"சரிக்கா," என்றாள் வாயாடி.