பிள்ளையாருக்குப் போன பூ

மூன்று வருடமாக என் ஹோயாக் கொடி யன்னல் கம்பியைச் சுற்றிக் கூரை வரை ஏறியதே தவிர, ஒரு பூ பூக்கவில்லை. வவுனியாவில் தங்கை பிரஷாந்தினி வீட்டிலிருந்து வெட்டி வந்த துண்டுதான் இது. அவளுடையது கொத்துக் கொத்தாகப் பூத்து, பின்னேரமானால் தெருவரை மணக்கும். என்னுடையது தடித்த இலைகளை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. என் கைராசி அப்படி என்று நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

மார்கழியில்தான் கள்ளன் பிடிபட்டார். என் மனுசன் சிற்றம்பலம் வயலுக்கு யூரியா எறிந்துவிட்டு வந்து, மிச்சமிருந்த ஒரு பிடியைப் பூச்சட்டிக்குள் தூவி, வாளித் தண்ணீரையும் கவிழ்த்தார். கேட்டால், ஒவ்வொரு போகமும் போடுகிறாராம், பாவம் பார்த்து. நெல்லுக்குச் செய்வதை இதற்கும் செய்தால் இலை தள்ளாமல் வேறென்ன தள்ளும்? எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

மண்ணை மாற்றினேன். மனுசனைக் கொடிக்குக் கிட்டவும் விடவில்லை. வைகாசியில் ஒரு கணுவில் குட்டிக் காம்பு வந்து, அதன் நுனியில் கடுகு கடுகாக மொட்டுப் பிடித்தது. சந்தோசத்தில் அன்றைக்கு அடுப்பில் சோறு கருகியதும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிரஷாந்தினிக்குக் குழந்தை பிறந்தது. நான் போகவேண்டி வந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், பசளை போட வேண்டாம் என்று இவருக்குச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வெட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை யார் சொல்லுவார்கள்?

மூன்று வாரம் கழித்து நெடுங்கேணியில் இறங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறுங்கொடி. காம்பு இருந்த இடத்தில் கத்தி பட்ட அடையாளம்.

"முதல் பூவெல்லே? பிள்ளையாருக்குக் குடுத்திட்டன்," என்றார். அறுவடையின் முதல் நெல்லைக் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது முகத்தில் இருக்கும் அதே பெருமை.

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். சாமிக்குப் போனதற்கு ஏசவும் முடியாது. இந்தக் கொடி பழைய காம்பிலேயேதான் திரும்பத் திரும்பப் பூக்கும், காம்போடு வெட்டினால் இனி வரவிருந்த பூவும் சேர்ந்து போச்சு என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"ஐயர் நல்ல வாசம் எண்டவர். வெள்ளிக்கு வெள்ளி கொண்டுவரச் சொன்னவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டிட்டன்."