சபல புத்திக்காரி

ஜகதீசன் தன் மனைவி கல்பகத்துக்குக் கொடுத்திருந்த பட்டம், சபல புத்தி. ஒரு நிலையில் நிற்காத மனசு என்று பொருள். புடவைக் கடையில் இரண்டு நிறத்தைப் புரட்டினாலும் சபல புத்திதான். இரண்டு தடவை கிடைத்த வேலையை, இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் வேண்டாமென்று விட்டாளே, அதுவும் சபல புத்திதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கொழுந்தன் ஸ்ரீகாந்தின் மனைவி அனுபமா மாதாப்பூரில் இரண்டே வருஷத்தில் மூன்று கம்பெனி மாறினாள். அதற்கு மட்டும் சாமர்த்தியம் என்று பெயராம்! மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இந்த வீட்டில் ஓரகத்தி உடைத்தால் மண்குடம். கல்பகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

இப்போது ராமச்சந்திராபுரத்துப் பள்ளி ஒன்று அவளைத் தலைமையாசிரியையாகக் கூப்பிட்டிருந்தது. இதையும் விட்டால் இந்த வயதில் இனி யார் கூப்பிடுவார்கள்?

"நம்ம திருமுல்கேரியிலேர்ந்து தினம் அவ்வளவு தூரமா? உன்னால ஒரு முடிவுக்கு வர முடியாது. பூ கட்டிப் போட்டுப் பார்த்துடலாம். வெள்ளை வந்தா போ, சிவப்பு வந்தா பேசாம இரு" என்றார் ஜகதீசன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஸ்ரீகாந்தும் அனுபமாவும் வந்தார்கள். அனுபமாவுக்கு நாலாவது கம்பெனி கிடைத்திருந்தது. "பேஷ், பேஷ்!" என்றார் ஜகதீசன். கல்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பொட்டலம் மடித்து சுவாமி முன்னால் வைத்தாள். மகள் மஹதி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"தெல்ல புவ்வு!" என்று தெலுங்கில் கத்தினாள். வெள்ளைப் பூ.

ஜகதீசனின் முகம் தொங்கிப்போயிற்று. சந்தேகத்தோடு மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"என்னடி இது?"

"சேர்ந்துக்கறேன்னு புதன்கிழமையே அவாகிட்ட சொல்லியாச்சு. உங்களுக்குச் சொல்லத்தான் பகவான் வேண்டியிருந்தது."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அனுபமா பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு இந்த தைரியம் வராது மன்னி. ஸ்ரீகாந்த் எந்தக் கம்பெனிக்கு மாறச் சொல்றாரோ அதுக்கு மாறறேன். முதல் வேலைதான் எனக்குப் பிடிச்சிருந்தது."

அந்தக் குரலில் இருந்தது பொறாமை. அதைக் கல்பகத்துக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை.