மாமியார் பெயருள்ள சிலந்தி

என் மாமியார் பெயரில் உலகத்தில் ஒரு சிலந்தி இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காருவதற்குள் இது அவர்கள் காதில் விழுந்துவிடும். அதன் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் வேறு மாட்டியிருந்தார்.

அருங்காட்சியகத்தில் சிலந்திகளை வகை பிரித்துப் பெயர் வைப்பதுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பே நான் ஒன்றுக்குப் பெயர் வைத்தேன். குண்டு உடம்பு, வட்ட வலை கட்டும் குடும்பம். அடுத்த வருஷம் அவர் தரையில் பொடியாக ஒன்றைப் பிடித்தார். வலையே கட்டாத வேறு குடும்பத்தில் அதைச் சேர்த்து, அம்மா பெயரை வைத்தார். எங்கம்மா பெயரை வைக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

போன வருஷம் மாமியார் பால்கனியிலிருந்து கத்தினார். "ஓடி வாங்க! என் பொடியன் உன் குண்டச்சி வலையில என்ன பண்றான்னு பாரு!"

ஓடினோம். பண்ணக்கூடாததைத்தான் பண்ணிக்கொண்டிருந்தான். அட கடவுளே, இரண்டும் ஒரே இனம்! ஆணும் பெண்ணும்! பெண் தேடி அலைந்தவனைப் பிடித்து, வலை கட்டத் தெரியாதவன் என்று எழுதிவைத்திருக்கிறார் இந்த மனுஷன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தோம், சந்தேகமே இல்லை.

ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான், முதலில் வைத்ததுதான் நிற்கும். அதாவது நான் வைத்தது. மாமியார் பெயர் போச்சு.

"பார்க்கலைன்னு விட்டுடலாமே," என்று வீட்டுக்காரர் கிசுகிசுத்தார். "அம்மா தாங்க மாட்டாங்க."

"பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்ல எனக்கு வராது. நீங்க போய்ச் சொல்லுங்க."

அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. உங்க பேரை எடுத்துட்டு நான் வெச்ச பேரைப் போடப்போறேன் என்று எந்த மருமகள் மாமியாரிடம் போய்ச் சொல்வாள்? நான் சொன்னேன்.

மாமியார் படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஆமா, ரெண்டையும் ஒண்ணா முதல்ல பார்த்தது யாரு?"

"நீங்கதான் அத்தை."

"அப்ப நீங்க எழுதப்போற கட்டுரையில என் பேரு எங்க வரும்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி," என்றேன்.

கட்டுரை வந்துவிட்டது. அதன் முதல் பக்கம்தான் இப்போது கூடத்தில் தொங்குகிறது. யார் வந்தாலும், உட்காருவதற்குள் ஆரம்பித்துவிடுகிறார்.

"என் பேர்ல ஒரு சிலந்தி இருந்துச்சு. அதை எடுத்ததே நான்தான்!"